பிக் சர் கடற்கரையில் யோகம்: எஸ்ஸலன் மக்களின் நிலமும் இரு காலனி வரலாறுகளும்

கலிபோர்னியாவின் மத்தியக் கடற்கரையில், சாண்டா லூசியா மலைத்தொடர் பசிபிக் பெருங்கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பிக் சர் பகுதியில், கந்தக வெந்நீர் ஊற்றுகள் பாறை விளிம்பிலிருந்து கசியும் ஓரிடத்தில், 1962-இல் எசலன் நிலையம் தொடங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் யோகமும் தியானமும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் அன்றாடப் பழக்கங்களாக மாறியதில் இந்நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு. அதன் பெயர் அப்பகுதியின் பூர்வகுடிகளான எஸ்ஸலன் மக்களுடையது. அதன் சிந்தனை வேர்களில் ஒன்று புதுச்சேரியிலுள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்தது. ஐரோப்பியர் ஆட்சியால் நிலத்தை இழந்த ஒரு மக்களின் மண்ணில், ஐரோப்பியர் ஆட்சியை எதிர்த்துத் தப்பி வந்த ஒருவரின் யோகம் வேரூன்றியது என்பதே இவ்விடத்தின் வரலாற்றுச் சிக்கல். யோகம் பயில்வோர் பூர்வகுடிகளையும் காலனியத்தையும் நினைவுகூர வேண்டும் என்று இன்று மேற்குலகில் எழுந்துள்ள பேச்சைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

எஸ்ஸலன் மக்கள் கலிபோர்னியாவின் பூர்வகுடிகளிலேயே எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டங்களுள் ஒன்றாக, கார்மல் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கிலும் அதற்குத் தெற்கேயுள்ள மலைகளிலும் கடற்கரையிலும் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய மொழிக்கு ஐயமற்ற உறவுடைய வேறொரு மொழியை மொழியியலாளர்கள் இதுவரை நிறுவவில்லை. ஓக் மரக் கொட்டைகளை இடித்து, மாவின் கசப்பு நீங்கும்வரை நீரில் அலசி உணவாக்குவதும், கடலோரப் பாறைகளில் சிப்பி திரட்டுவதும், புல்வெளிகளைப் பருவந்தோறும் தீயிட்டுப் புதுத் தளிரும் விதையும் பெருகச் செய்வதும் அவர்களுடைய வாழ்முறை. உழவு இல்லை என்பதால் நிலம் பேணப்படவில்லை என்று ஸ்பானியர் கருதினர். உண்மையில் அந்நிலப்பரப்பு தீயைக் கருவியாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட ஒன்று. எசலன் நிலைய வளாகத்தில் கிடைத்த தொல்பொருள்களின் கார்பன் காலக்கணிப்பு, அங்கு 4,000 ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே மனிதர் புழங்கியதைக் காட்டுகிறது. மலைக்கு உள்ளே தசஹாரா அருகிலுள்ள பாறைக் குகைகளின் சுவர்களில் அவர்கள் வெண்ணிறத்தில் தீட்டிய கைத்தடங்கள் இன்றும் உள்ளன.

செபஸ்தியன் விஸ்கயீனோவின் ஸ்பானியக் கப்பல்கள் 1602 டிசம்பரில் மான்டரே விரிகுடாவில் நங்கூரமிட்டன என்றாலும், குடியேற்றம் தொடங்கியது 1770 ஜூன் 3 அன்றுதான். அன்று காஸ்பர் தெ போர்த்தோலா ஸ்பெயின் மன்னரின் பெயரால் படைக்காவல் கோட்டையையும், பிரான்சிஸ்கன் துறவி ஹுனிப்பேரோ செர்ரா திருச்சபையின் பெயரால் சான் கார்லோஸ் மிஷனையும் நிறுவினர். மறு ஆண்டே மிஷன் கார்மல் ஆற்றங்கரைக்கு மாற்றப்பட்டது. 1791-இல் மலையின் கிழக்குப் புறத்தில் சோலேதாத் மிஷன் எழுந்தது. மிஷன் என்பது வெறும் வழிபாட்டுக்கூடம் அன்று. ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடிகளை ஒரே வளாகத்தில் குடியமர்த்தி, மணியோசைக்கேற்ப அவர்களை வயலிலும் தொழுவத்திலும் தறியிலும் வேலை வாங்கி, ஸ்பானியக் குடிமக்களாக வடித்தெடுக்க முயன்ற அமைப்பு. ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியின்றி ஊர் திரும்ப முடியாது. ஓடிப்போனவரைப் படைவீரர் தேடிப் பிடித்துவந்தனர். மணமாகாத பெண்கள் இரவில் தனிக் கூடத்தில் பூட்டிவைக்கப்பட்டனர். 1786-இல் மான்டரேக்கு வந்த பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸ், கார்மல் மிஷனைக் கரீபியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களோடு ஒப்பிட்டு எழுதினார். அடிமை முறையை நடத்திவந்த ஒரு நாட்டின் அதிகாரியே அவ்வாறு எழுதியது, அந்தச் சான்றின் எடையைக் கூட்டுகிறதே ஒழியக் குறைக்கவில்லை.

மிஷன் வளாகங்களில் தட்டம்மையும் மேகநோயும் பரவின; பிறப்பை விட இறப்பு மிகுந்தது. மலைகளில் எஞ்சியோரின் வாழ்வும் நிலைகுலைந்தது, ஏனெனில் மிஷன்களின் மாட்டு மந்தைகள் விதைப் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன. 1793-இல் ஆளுநர் அரியாகா, பூர்வகுடிகள் நிலத்துக்குத் தீயிடுவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். மதம் மாறியவர்களில் எத்தனை பேர் மனம் மாறினர், எத்தனை பேர் பசியால் வந்தனர் என்று பிரிப்பது எளிதன்று. இரண்டையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகப் பார்ப்பதே பொருந்தும். செர்ராவை 2015-இல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது, எஸ்ஸலன் வழித்தோன்றல்கள் உள்ளிட்ட கலிபோர்னியப் பூர்வகுடிகள் பலர் வெளிப்படையாக எதிர்த்ததன் பின்னணி இதுவே.

1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றதும், 1830-களில் மிஷன்கள் கலைக்கப்பட்டதும் நிலத்தைப் பூர்வகுடிகளிடம் திருப்பித் தரவில்லை. பெரும் பண்ணைகளாக அது மெக்சிகோ குடும்பங்களின் கைக்குப் போயிற்று. 1846 ஜூலையில் அமெரிக்கக் கொடி மான்டரேயில் ஏறிய பின் வந்த காலம் மேலும் கொடியது. 1850-இல் மாநிலமான கலிபோர்னியா, அதே ஆண்டு, பூர்வகுடிகளின் ‘பாதுகாப்புக்காக’ என்ற பெயரில் இயற்றிய சட்டம், வேலையின்றித் திரிவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பூர்வகுடி எவரையும் ஏலத்தில் கூலிக்கு விடவும், அவர்களுடைய குழந்தைகளை வெள்ளையர் வீட்டுப் பணிக்குப் பிணைக்கவும் வழி திறந்தது. 1851-52-இல் கலிபோர்னியாவின் பூர்வகுடிகளோடு கையெழுத்தான 18 ஒப்பந்தங்களை அமெரிக்க செனட் மறைவில் கூடி நிராகரித்து, ஆவணங்களை 1905 வரை முத்திரையிட்டு வைத்தது. 1846-இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடிகள் 1870-க்குள் சுமார் 30,000 ஆகச் சுருங்கினர் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் மதிப்பீடு. இதை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டு மாநில ஆளுநர் மன்னிப்புக் கோரியது 2019-இல்தான்.

நிலத்தைப் பறித்த கையோடு ஏடும் ஒரு தீர்ப்பை எழுதியது. கலிபோர்னிய மானிடவியலின் தந்தையாகக் கருதப்படும் ஆல்ஃபிரட் குரோபர், 1925-இல் வெளியான தம் பெருங்கையேட்டில் எஸ்ஸலன் மக்களை அற்றுப்போன இனமாகப் பதிவு செய்தார். அதே காலத்தில் மான்டரே வட்டாரத்துப் பூர்வகுடிக் குடும்பங்கள் பண்ணைக் கூலிகளாகவும், மாடு மேய்ப்போராகவும், பெரும்பாலும் ஸ்பானியப் பெயர் தாங்கியும் கார்மல் பள்ளத்தாக்கில் வாழ்ந்துகொண்டிருந்தன. அவர்களுள் ஒருவரான இசபெல் மெடோஸ் என்ற மூதாட்டி, தம் தொண்ணூறாம் வயதை ஒட்டிய ஆண்டுகளில், ஜே. பி. ஹாரிங்டன் என்ற மொழியியலாளருக்குத் தம் மக்களின் சொற்களையும், மிஷன் காலத்துக் கொடுமைகள் பற்றிக் கேட்டறிந்த செய்திகளையும் சொல்லிக்கொண்டே இருந்து 1939-இல் மறைந்தார். அற்றுப்போனதாக எழுதப்பட்டதன் விளைவு அறிவுத்துறையோடு நிற்கவில்லை. இல்லாத மக்களுக்கு நிலம் தர வேண்டிய கடமை எந்த அரசுக்கும் இல்லை.

வெந்நீர் ஊற்றுகள் இருந்த கடற்கரைத் துண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ஸ்லேட் என்ற குடியேறியின் பெயரில் பதிவாகி, 1910-இல் சலீனாஸ் நகர மருத்துவர் ஹென்றி மர்ஃபியால் வாங்கப்பட்டது. ஐரோப்பியப் பாணியில் நீராட்டு மருத்துவ விடுதி அமைப்பது அவர் எண்ணம். சிறைக் கைதிகளின் உழைப்பையும் கொண்டு அமைத்த கடலோர நெடுஞ்சாலை 1937-இல் திறக்கப்படும்வரை அவ்விடத்தை எளிதில் அடைய வழியில்லாததால் அது நிறைவேறவில்லை. அவருடைய பேரன் மைக்கேல் மர்ஃபியே பின்னர் ரிச்சர்ட் பிரைஸ் என்ற நண்பருடன் சேர்ந்து நிலையத்தைத் தொடங்கியவர்.

இந்தப் பேரனின் பயணம்தான் கதையைப் புதுச்சேரிக்குக் கொண்டுவருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய ஃபிரடெரிக் ஸ்பீகல்பெர்க் என்ற பேராசிரியரின் ஒப்பீட்டுச் சமய விரிவுரைகளைக் கேட்ட மர்ஃபி, அரவிந்தரின் நூல்களால் ஈர்க்கப்பட்டு, 1956-57-இல் ஓராண்டுக்கு மேல் புதுச்சேரி ஆசிரமத்தில் தங்கினார். அரவிந்தர் 1950-இலேயே மறைந்துவிட்டார். ஆசிரமத்தை அன்னை மிர்ரா அல்ஃபாசா நடத்திவந்தார். மனிதன் உடலாலும் உணர்வாலும் இன்னும் வளர வேண்டியவன், யோகம் அவ்வளர்ச்சியை விரைவுபடுத்தும் முறை என்ற அரவிந்தரின் கருத்து, எசலனில் சமயச் சாயல் குறைந்து ‘மனித ஆற்றல் இயக்கம்’ என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது.

ஆனால் அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தது ஏன் என்ற கேள்வி பிக் சரில் அதிகம் எழுந்ததாகத் தெரியவில்லை. வங்கத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான தீவிரவாத அரசியலின் முன்னணியில் நின்று, அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1908-இல் கைதாகி ஓராண்டு சிறையிலிருந்து விடுதலையான அவர், மீண்டும் கைதாகும் சூழல் நெருங்கியபோது சந்திரநாகூர் வழியாகக் கப்பலேறி 1910 ஏப்ரல் 4 அன்று பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் இறங்கினார். அதே காரணத்துக்காக 1908 முதல் அங்கிருந்த சுப்பிரமணிய பாரதியும், 1910-இல் வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயரும் அவருடன் பழகினர். பிரிட்டிஷ் ஒற்றர்கள் அந்நகரின் தெருக்களில் இவர்கள் அனைவரையும் கண்காணித்தனர். அதாவது, கலிபோர்னியக் கடற்கரையைச் சென்றடைந்த இந்த யோகம் காலமற்ற ஒரு மலைக்குகையிலிருந்து வந்ததன்று. ஒரு காலனி அரசிடமிருந்து தப்பி, மற்றொரு காலனி அரசின் எல்லைக்குள் ஒதுங்கிய அரசியல் அகதி ஒருவரின் நாற்பதாண்டு வாழ்வில் உருப்பெற்றது.

யோகத்தின் மீது காலனி ஆட்சி விட்ட தழும்பு இதைவிடப் பழையது. நாத மரபினரும், ஆயுதம் தாங்கித் திரிந்த கோசாயிகளும் பைராகிகளும் பதினெட்டாம் நூற்றாண்டில் வட இந்திய வணிகப் பாதைகளில் படையாகவும் வணிகராகவும் வலிமை பெற்றிருந்தனர். வங்கத்தில் சன்னியாசிகளும் பக்கீர்களும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதியதைத் தொடர்ந்து, வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-இல் அவர்கள் கூட்டமாக நடமாடுவதைத் தடைசெய்தார். வழியும் வருவாயும் அடைபட்ட யோகியருள் பலர் சந்தைகளில் உடலை வளைத்துக் காட்டிப் பிழைக்கும் நிலைக்கு வந்தனர். ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளில் யோகி என்பவர் முள்படுக்கையில் கிடக்கும் வேடிக்கைப் பொருளானார். அந்த ஏளனத்தைத் தாங்கிக்கொள்ள இயலாத இந்தியக் கல்வியாளர்கள் ஆசனப் பயிற்சியைவிட்டு விலகி, தத்துவத்தையும் தியானத்தையும் முன்வைத்தனர். விவேகானந்தரின் 1896-ஆம் ஆண்டு ராஜயோக நூல் ஹடயோகத்தை ஒதுக்கித் தள்ளுவது இச்சூழலின் வெளிப்பாடே. இருபதாம் நூற்றாண்டில், மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் போன்றோர் வழியாக ஆசனங்கள் மீண்டும் மதிப்புப் பெற்றன.

விவேகானந்தர் பேசிய 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியே இவ்விரு வரலாறுகளும் ஒரே ஊரில் உரசிக்கொண்ட முதல் இடம் எனலாம். கொலம்பஸின் வருகையின் நானூறாம் ஆண்டைக் கொண்டாடிய அவ்விழாவில் கீழைச் சமயங்களின் பிரதிநிதிகள் கைதட்டலோடு வரவேற்கப்பட்டனர். அந்நகரமோ பொட்டவாட்டமி மக்களிடமிருந்து 1833-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் பெறப்பட்ட மண்ணில் நின்றது. அவர்களுள் ஒருவரான சைமன் பொக்கேகன், அதே கண்காட்சிக் காலத்தில், தம் மக்களுக்கு அங்கே கொண்டாட ஒன்றுமில்லை என்று கண்டித்து எழுதிய சிறு நூலை பூர்ஜ மரப்பட்டையில் அச்சிட்டு வழங்கினார். பூர்வகுடிகளின் சூரிய நடனம் போன்ற சடங்குகளை அமெரிக்க அரசு 1883-இல் வகுத்த விதிகளின்கீழ் குற்றங்களாக்கித் தண்டித்துக்கொண்டிருந்த காலம் அது. கனடாவில் 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் என்னும் கொடைவிழா சட்டவிரோதமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சமயத்துக்கு மேடையும், உள்நாட்டுச் சமயத்துக்குச் சிறையும் என்பது அக்காலத்து நடைமுறை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் சமய உரிமையைக் காக்கும் தனிச்சட்டம் 1978-இல்தான் வந்தது. அப்போது எசலன் நிலையத்துக்கு வயது பதினாறு.

இதனால் இந்தியருக்கு அமெரிக்காவில் தடையே இருக்கவில்லை என்று கொள்வதும் தவறு. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரின் குடிவரவை ஏறத்தாழ அடைத்தது; 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. பூர்வகுடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை தரப்பட்டது அதற்கடுத்த ஆண்டில். இந்தியரின் அந்தத் தடை 1946-இல் சிறிது தளர்ந்து, 1965-இல்தான் உண்மையில் நீங்கியது. எனவே அமெரிக்க யோகப் பரவலில் முதல் அரை நூற்றாண்டு, விரல்விட்டு எண்ணத்தக்க சில சுவாமிகளையும், அவர்களிடம் கற்ற வெள்ளையரையுமே சார்ந்திருந்தது. எசலனில் யோகத்தை வழங்கியவர்களும் பெற்றவர்களும் பெரும்பாலும் வெள்ளையராக இருந்ததற்குக் குடிவரவுச் சட்டமும் ஒரு காரணம்.

நிலையத்துக்கு எஸ்ஸலன் மக்களின் பெயர் சூட்டப்பட்டபோது, அதில் இழிவுநோக்கம் எதுவும் இருக்கவில்லை. மரியாதை செய்வதாகவே நிறுவனர்கள் எண்ணியிருக்கக் கூடும். ஆயினும் மறைந்துவிட்டதாக நம்பப்பட்ட மக்களின் பெயரை எடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே அந்த மரியாதையின் அடித்தளம். 1967-இல் மலைக்கு உள்ளேயிருந்த தசஹாரா வெந்நீர் ஊற்றும் சான் பிரான்சிஸ்கோ ஜென் மையத்தின் மடாலயமானது. ஆக, எஸ்ஸலன் நாட்டின் புகழ்பெற்ற இரு வெந்நீர் ஊற்றுகளும் ஐந்தாண்டு இடைவெளியில் ஆசிய ஆன்மிகப் பயிற்சிகளின் இல்லங்களாயின. தொடர்ந்து வந்த புதுயுக ஆன்மிகச் சந்தையில் யோகத்தோடு பூர்வகுடிச் சடங்குகளும் ஒரே பொதியில் விற்பனைக்கு வந்தன. 1993-இல் லகோட்டா மக்கள், தங்கள் சடங்குகளைக் காசாக்குவோருக்கு எதிராக வெளிப்படையான போர்ப் பிரகடனமே வெளியிட்டனர். 2009-இல் அரிசோனாவில், அச்சடங்கொன்றின் பெயரால் ஒரு பயிற்சியாளர் நடத்திய வெப்பக் கூடார நிகழ்வில் பங்கேற்ற மூவர் இறந்தனர்.

கூட்டம் தொடங்கும் முன் அந்நிலத்தின் பூர்வகுடிகளைப் பெயர் சொல்லி நினைவுகூரும் வழக்கம் இப்பின்னணியில்தான் யோகக் கூடங்களை எட்டியது. ஆஸ்திரேலியாவில் 1976-இல் பெர்த் நகரில் ரிச்சர்ட் வாலியும் எர்னி டிங்கோவும் நடத்திய வரவேற்புச் சடங்கை அதன் நவீன வடிவத்தின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். 1992-ஆம் ஆண்டு மாபோ தீர்ப்பு, ஆஸ்திரேலியா யாருக்கும் உரியதாக இல்லாத நிலம் என்ற சட்டப் பொய்யை உடைத்தபின் அது பரவியது. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளின் கொடுமையை ஆராய்ந்த ஆணையம் 2015-இல் அறிக்கை தந்தபின் பள்ளிகளும் அரங்குகளும் அதைக் கைக்கொண்டன. வகுப்பின் தொடக்கத்தில் ஓம் ஓதியபின் இரண்டு வாக்கியம் வாசித்துவிட்டு, கட்டணத்தை வழக்கம்போல் பெற்றுக்கொள்ளும் நிலை வந்தபோது, பூர்வகுடிகளிலேயே பலர் இதை வெற்றுச் சடங்கு என்று சலித்துக்கொண்டதில் வியப்பில்லை.

சொல்லுக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை 2020-ஆம் ஆண்டு தெளிவாக்கியது. பிக் சரில் லிட்டில் சர் ஆற்றை ஒட்டிய 1,199 ஏக்கர் நிலம், மாநில அரசின் நிதியுதவியோடு ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வழியாக 45 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டு, மான்டரே மாவட்ட எஸ்ஸலன் பழங்குடி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 1770-இல் ஸ்பானியக் குடியேற்றம் தொடங்கி அப்போது சரியாக 250 ஆண்டுகள். அவ்வட்டாரத்தின் வழித்தோன்றல்கள் ஒரே அமைப்பாக இல்லை. யார் யாரின் பிரதிநிதி என்பதில் அவர்களுக்குள் பிணக்கும் உண்டு. அதைக் காட்டி அவர்களுடைய உரிமையை மறுப்போர், மூன்று அரசுகள் அடுத்தடுத்து ஒரு மக்களைச் சிதறடித்தபின் அவர்கள் சிதறாமல் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களாவர்.

இந்தியாவில் யோகம் பயில்வோர் இதை அயல்நாட்டாரின் கணக்காக மட்டும் பார்த்துவிட முடியாது. யோகம் காட்டில் பிறந்தது என்று பெருமையோடு சொல்லப்படும் நாட்டிலேயே, பிரிட்டிஷ் அரசின் 1865, 1878-ஆம் ஆண்டு வனச் சட்டங்கள் காடு வாழ் பழங்குடிகளின் உரிமைகளை அதிகாரிகள் தரும் சலுகைகளாகச் சுருக்கின. விடுதலைக்குப் பின்னும் அந்த ஏற்பாடு பெரிதும் மாறாமல் நீடித்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முன்னுரைதான், பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை இந்திய அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம். காலனியத்தால் பாதிக்கப்பட்டது யோகம் என்ற வாதம் உண்மையே. ஆனால் அவ்வாதம், யோகம் பயில்வோரை வேறொருவர் நிலத்தின் மீதான பொறுப்பிலிருந்து கலிபோர்னியாவிலும் விடுவிக்காது, இந்தியக் காடுகளிலும் விடுவிக்காது.

பூர்வகுடிகளை நினைவுகூரும் எந்த யோகக் கூடமும் அவ்வூரின் ஒப்பந்த ஆண்டையும், பறிப்புக்கு உதவிய சட்டத்தையும், இன்று அங்கு வாழும் வழித்தோன்றல்கள் கேட்பது என்ன என்பதையும் அறிந்து பேச வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களின் நில மீட்புக்கு ஒதுக்காத நினைவுகூரல் பாதியளவுதான். எஸ்ஸலன் மக்களைப் பொறுத்தவரை, 1,199 ஏக்கர் திரும்பியபோதும், அவர்களுடைய அமைப்புகளில் எதையும் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பழங்குடி நாடாக அங்கீகரித்திருக்கவில்லை.